சன்னபட்டணத்தில் ஒரு கத்திப்பிடி

பெங்களூரில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், சன்னபட்டணத்து மரக்குதிரை ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. ஊரிலிருந்து புதிதாக வரும் உறவினர் சிலர், பெயரைக் கேட்டதும் நம் சென்னைப் பட்டணத்தை நினைத்துக்கொண்டு மயங்குவதுண்டு. இது வேறு ஊர். பெங்களூருக்குத் தென்மேற்கே, மைசூர் செல்லும் பழைய சாலையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கன்னட மக்கள் இதனைப் 'பொம்பெகள ஊரு', அதாவது பொம்மைகளின் ஊர் என்று அழைக்கிறார்கள்.

நான் இந்த ஊரைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறேன். வண்டியை நிறுத்தி, குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பையும் பம்பரமும் வாங்கிக்கொண்டு, ஒரு குவளை காப்பியும் அருந்திவிட்டு, மைசூர் அரண்மனையை நினைத்துக்கொண்டே போய்விடுவது வழக்கம். அந்தப் பொம்மைகள் எங்கே, எவர் கையால் உருவாகின்றன என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த எண்ணத்தைத் தோற்றுவித்தது ஓர் உடைந்த கத்திப்பிடி.

அந்தக் கத்தி என் தாயாருடையது. தாமிரவருணிக் கரையில் எங்கள் ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது. தாயார் தனிக் குடித்தனம் வைத்தபோது வீட்டுக்கு வந்த சாமான்களில் ஒன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி, அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. தந்தையார் காலமான பிறகு தாயார் எங்களோடு பெங்களூருக்கு வந்தபோது, வேறு எந்தப் பாத்திரத்தையும் கேட்கவில்லை. இந்தக் கத்தியை மட்டும் பழைய சேலைத் துண்டில் சுற்றித் தம் பெட்டியிலேயே எடுத்து வந்தார்.

சென்ற ஆண்டு அதன் மரப்பிடி நீளவாக்கில் பிளந்துவிட்டது. தண்ணீர் உள்ளே இறங்கி மரம் உளுத்துப் போயிருந்தது. என் மனைவி கடையிலிருந்து பிளாஸ்டிக் பிடி போட்ட புதிய கத்தி ஒன்றை வாங்கி வந்தாள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தாயாரின் விரல் மூட்டுகள் வீக்கம் கண்டவை; மெல்லிய வழவழப்பான பிடியை அவரால் இறுகப் பற்ற முடியவில்லை. ஒரு நாள் காலை, பூசணிக்காய் நறுக்கும்போது, ஈரக்கையில் கத்தி சுழன்றுவிட்டது. இடது பெருவிரலில் நான்கு தையல்.

அன்று முதல் அவர் கத்தியைத் தொடக் கூடாது என்று நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். அன்பினால் செய்த தீர்மானந்தான். தாயார் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அடுக்களைப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். பலகணி அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அயலூரில், அயல்மொழி பேசும் தெருவில், பேச ஒருவரும் இல்லாத ஒரு முதியவருக்கு, காலையில் அரை மணி நேரம் காய் நறுக்குவது எத்துணைப் பெரிய செய்தி என்பதை நாங்கள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அவருடைய முகவாட்டத்தைக் கண்டு, அந்தப் பழைய கத்திக்கு நல்ல பிடி ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் அதை வைத்து நறுக்க வேண்டும் என்பது என் எண்ணம் அன்று. பளபளவென்று சிவப்பு அரக்குப் பூசி, கண்ணாடி அலமாரியில் ஒரு நினைவுப் பொருளாக வைத்துவிடலாம் என்றே கருதினேன்.

"கடைசல்காரர் இருக்கிற ஊரில் பிடி போட ஆள் இராதா ஐயா?" என்று கேட்டார் தாயார். அவர் பிறந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். அங்கே மரத்தைக் கடைந்து, வண்ண அரக்கு ஏற்றிச் செய்யும் சொப்புச் சாமான்கள் பெயர் பெற்றவை. சிறு வயதில் அந்தப் பட்டறைகளின் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர் அவர். ஆகவே கடைசல் என்றதும் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. எனக்குச் சன்னபட்டணம் நினைவுக்கு வந்தது.

இருவரும் ஒரு சனிக்கிழமை காலை இரயிலில் புறப்பட்டோம். மோட்டாரில் போகலாம் என்றேன். இரயிலில் போனால் ஊர்களின் பெயரைப் படித்துக்கொண்டே போகலாம் என்றார் தாயார். கெங்கேரி கழிந்து, தட்டை இட்டலிக்குப் பெயர் போன பிடதி கழிந்தால், இராமநகரம். பெரிய பெரிய பாறைக் குன்றுகள் இரு புறமும் எழுந்து நிற்கின்றன. 1975-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷோலே' என்னும் இந்திப் படம் இந்தக் குன்றுகளின் நடுவேதான் எடுக்கப்பட்டது. இராமநகரத்தின் மற்றொரு பெருமை, பட்டுக்கூடுச் சந்தை. அடுத்த பெரிய நிலையம் சன்னபட்டணம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்து பெரிய சாலையை அடைந்தபோது, எனக்கு வியப்பாக இருந்தது. முன்பெல்லாம் பொம்மைக் கடைகளின் எதிரே வண்டிகள் வரிசையாக நிற்கும். சாலையைக் கடப்பதே பெரும்பாடு. இப்போது சாலை அமைதியாகக் கிடந்தது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெங்களூர் – மைசூர் விரைவுச்சாலை திறந்து வைக்கப்பட்டது. அது இராமநகரத்தையும் சன்னபட்டணத்தையும் தொடாமல் ஒதுங்கிச் செல்கிறது. பயணிகளுக்கு நேரம் மிச்சம்; பொம்மைக் கடைக்காரர்களுக்கு வாடிக்கை நட்டம். நின்று வாங்குவோரை நம்பிப் பிழைத்த கடைகளுக்கு, நிற்காமல் போகும் சாலை எப்படி இருக்கும் என்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலுக்குத் திப்பு சுல்தான் ஆதரவு அளித்தார் என்றும், பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து உள்ளூர் மக்களுக்குக் கற்பித்தார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பிற்காலத்தில் ஜப்பானியப் பொம்மைத் தொழிலின் நுணுக்கங்களைக் கொண்டுவந்து தொழிலை வளர்த்தவராகப் பாவாஸ் மியான் என்பவரைப் போற்றுகிறார்கள். 2005–06-இல் இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ஒரு கடைக்காரரிடம் விசாரித்து, இரண்டு சந்து தாண்டி, ஒரு கடைசல் பட்டறையை அடைந்தோம். ஓட்டுக் கூரை, தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று மரச்சுருள். நான்கு கடைசல் இயந்திரங்கள் மின்சாரத்தால் சுழன்றுகொண்டிருந்தன. இரண்டில் ஆடவரும் ஒன்றில் ஒரு பெண்மணியும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டிய முஸ்லிம் பெரியவர். இளமையில் பெங்களூர்ச் சிவாஜி நகரில் சில ஆண்டுகள் இருந்தவராகையால், தமிழும் பேசினார். தாயாரைக் கண்டதும் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, "உட்காருங்கள் அம்மா" என்றார்.

கத்தியை எடுக்குமுன், அவர்கள் செய்யும் வேலையைச் சிறிது நேரம் பார்த்தோம். பொம்மைக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் மரம், வெண்மையானது; இழை மிக நெருக்கமானது; யானைத் தந்தம் போலக் கடைசலுக்கு இசைவது. அதன் பெயரைக் கேட்டேன். "ஹாலெ மரம், பேச்சில் ஆலெ என்போம்" என்றார் பெரியவர். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குவதை நாம் அறிவோம். நம் பால் அங்கே ஹாலு. நம் புலி அங்கே ஹுலி. அப்படியானால் ஹாலெ எது? பாலை! கிளையை ஒடித்தால் பால் வடியும் மரம்; நாம் வெட்பாலை என்கிறோமே, அதுவே இது. இதன் இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் ஊதா நிறம் கொள்ளும். தோல் நோய்க்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் வெட்பாலைத் தைலம் அதுதான். இதைத் தாயார் சொன்னதும், மரத்தை மட்டுமே அறிந்திருந்த பெரியவர், இலையின் பயனைக் கேட்டு மகிழ்ந்தார்.

வெட்டிய மரத்தை உடனே கடைவதில்லை. ஈரம் வற்றும்வரை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், காய விடுகிறார்கள். ஈர மரத்தில் செய்த பொருள், காய்ந்தபின் சுருங்கி வெடித்துவிடும். பின்பு துண்டு போட்டு, இயந்திரத்தில் பொருத்தி, உளியால் உருவம் கொடுத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள்.

அதன் பிறகுதான் அரக்கு. அரக்கு என்பது மரப்பிசின் அன்று. பலாசம், இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் இலட்சக்கணக்கில் மொய்க்கும் ஒரு சிறு பூச்சி, தன் உடலைச் சுற்றிச் சுரந்து வைக்கும் பொருள் அது. அதனைத் தூய்மை செய்து, சூடாக்கிப் பிசைந்து, மஞ்சள், அவுரி முதலிய சாயங்களைச் சேர்த்துக் குச்சிகளாக உருட்டி வைத்திருக்கிறார்கள். சுழலும் மரத்தின்மீது இந்தக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வில் சூடு பிறக்கிறது. சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. தூரிகை இல்லை, எண்ணெய்ச் சாயம் இல்லை. படிந்த அரக்கின்மேல், காய்ந்த தாழை ஓலைத் துண்டு ஒன்றை வைத்து அழுத்தினார் அந்தப் பெண்மணி. ஓலை நகர நகர, திட்டுத் திட்டாக இருந்த வண்ணம் ஒரே சீராகப் பரவி, கண்ணாடி போல் ஒளிர்ந்தது. தலையில் சூடும் தாழம்பூவை அறிவோம்; தாழை ஓலை மரத்துக்கு மெருகேற்றும் என்பதை அன்றுதான் கண்டேன்.

"எங்கள் ஊரிலும் இப்படித்தான் குச்சியை வைத்து அழுத்துவார்கள்" என்று தாயார் மெல்லச் சொன்னார். அவர் குரலில் பல மாதங்களாக நான் கேளாத ஒரு தெளிவு இருந்தது.

சேலைத் துண்டைப் பிரித்துக் கத்தியை நீட்டினேன். "பாய், இதற்கு ஒரு பிடி கடைந்து, இந்தச் சிவப்பு அரக்கை ஏற்றித் தரவேண்டும்" என்றேன்.

பெரியவர் கத்தியை வாங்கி, அலகை விரலால் தடவி, பிளந்த பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி, "பார்ப்பதற்கா, நறுக்குவதற்கா?" என்று கேட்டார்.

எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. தாயார், "நறுக்கத்தான், தம்பி" என்றார்.

"அப்படியானால் அரக்குப் பூச மாட்டேன்" என்றார் பெரியவர். காரணங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அரக்கு சூட்டால் ஏறியது, சூட்டாலேயே இளகும். அடுப்பருகே வைத்தாலும், கொதிநீரில் கழுவினாலும் பிசுபிசுக்கும். தண்ணீரில் ஊறினால் வெளுத்துப் போகும். துணி துவைக்கும் சோடா பட்டால் கரையும். குழந்தை கையில் இருக்கும் பொம்மைக்கு இவற்றுள் எதுவும் நேர்வதில்லை. அடுக்களைக் கத்திக்கோ நாள்தோறும் நேர்வன இவையே. எல்லாவற்றுக்கும் மேலாக, அரக்கு மிகவும் வழவழப்பானது, ஈரக்கையில் வழுக்கும். "வழுக்குகிற பிடி, கூரில்லாத கத்தியைவிடப் பொல்லாதது" என்றார். தாயாரின் பெருவிரலில் இருந்த தழும்பை நான் பார்த்தேன். தாயார் என்னைப் பார்க்கவில்லை.

பாலை மரமும் வேண்டாம் என்றார். பொம்மைக்கு ஏற்ற மென்மை, தினமும் நனைந்து உலரும் கத்திக்கு ஏற்றதன்று. பரண்மேல் கையை விட்டு, கரிய ஊதா நிறமான கட்டை ஒன்றை எடுத்தார். புளிய மரத்தின் வைரம். பல ஆண்டுகளாகப் புகையிலும் காற்றிலும் கிடந்து காய்ந்தது. நம் ஊரில் இறைச்சிக் கடைகளில் வெட்டுவதற்குப் போட்டிருக்கும் கட்டையும் புளிய மரமே அல்லவா? கத்தி வெட்டைத் தாங்குகிற மரம், கத்தியையும் தாங்கும் போலும்.

பழைய பிடியை அவர் உளியால் மெதுவாகப் பிளந்து எடுத்தார். அதன் தலைப்பில் இருந்த பித்தளைப் பூணைத் தனியே கழற்றிப் பத்திரப்படுத்தினார். பிடிக்குள் செருகியிருந்த இரும்புக் காம்பின்மேல் கருத்த பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து, தாயாரிடம் காட்டினார். "அரக்கு" என்றார் தாயார். எங்கள் ஊர்க் கொல்லர், காம்பை அரக்கு வைத்தே பிடிக்குள் இறுக்கியிருக்கிறார். நான் வெளியே பூசச் சொன்ன பொருள், ஐம்பது ஆண்டுகளாக உள்ளே இருந்துகொண்டு கத்தியைக் காத்து வந்திருக்கிறது.

அடுத்து அவர் செய்த காரியம் என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு மெல்லிய மரக்குச்சியைத் தாயார் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அதன்மேல் துணி நாடாவைச் சிறிது சிறிதாகச் சுற்றிக்கொண்டே வந்தார். "இப்போது எப்படி, அம்மா? இப்போது?" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டார். ஓரளவு பருத்ததும், "இது போதும் தம்பி, விரல் நோகவில்லை" என்றார் தாயார். அந்தப் பருமனை ஒரு நூலால் அளந்து முடிச்சிட்டுக்கொண்டார். மூட்டு வலியுள்ள கைக்கு மெல்லிய பிடியைவிடப் பருத்த பிடி எளிது. விரல்களை முழுதும் மடக்க வேண்டுவதில்லை. நாங்கள் கத்தியை விலக்கினோமே தவிர, இப்படி ஒரு முறையேனும் அவர் கையை அளந்து பார்க்கவில்லை.

கட்டை இயந்திரத்தில் ஏறியது. கரிய சுருள்கள் வெள்ளைச் சுருள்களின்மேல் விழுந்தன. பூண் பொருந்தும் கழுத்தைக் கடைந்து, நடுவே காம்புக்குத் துளையிட்டு, இறக்கினார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். "கடைசல் எல்லாவற்றையும் உருண்டையாக்கிவிடும். உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாது" என்று சொல்லி, அரத்தை எடுத்து இரண்டு பக்கங்களையும் தட்டையாக்கினார். உருளை, முட்டை வடிவமாயிற்று. இருட்டில் எடுத்தாலும், வெட்டும் முனை எங்கே என்பதை இந்த வடிவம் கைக்குச் சொல்லிவிடும்.

பிறகு மெருகு வேலை. முதலில் முரட்டு உப்புத்தாள், அடுத்து நடுத்தரம், அதன்பின் மென்மையானது. ஒவ்வொன்றும் முந்தியது விட்டுச்சென்ற கீறலைப் போக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால், முரட்டுத் தாளின் கீறல் கடைசிவரை நிற்கும். எண்ணெய் பட்டதும் பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். தேய்ப்பதும் மர இழை ஓடும் திசையிலேயே இருத்தல் வேண்டும். குறுக்கே தேய்த்தால் இழை அறுபடும்.

வழவழப்பானதும், ஒரு ஈரத்துணியால் பிடியை நன்றாக நனைத்து வெயிலில் வைத்தார். உலர்ந்தபின் என்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பூனை நாக்குப் போல் சொரசொரப்பு! தேய்க்கும்போது அமுங்கிக் கிடந்த நுண் இழைகள், தண்ணீர் பட்டதும் நிமிர்ந்துகொள்கின்றன. இப்போதே நிமிரச் செய்து தேய்த்து எடுத்துவிட்டால், பிறகு அடுக்களையில் நனையும்போது அவ்வளவாக எழா. இப்படி இருமுறை நனைத்து, உலர்த்தி, மெல்லிய தாளால் தேய்த்தார். "இதற்குமேல் தேய்த்தால் கண்ணாடியாகிவிடும். கைக்குக் கொஞ்சம் பிடிமானம் இருக்கட்டும்" என்று நிறுத்திக்கொண்டார்.

துளைக்குள் அரக்குத் தூளை நிரப்பினார். அலகின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, காம்பை மட்டும் தீயில் காட்டினார். சூடு அலகுக்கு ஏறினால், கொல்லர் ஊட்டிய பதம் கெட்டுவிடும்; பிறகு கூர் நிற்காது. காய்ந்த காம்பைத் துளையில் செலுத்தியதும், அரக்கு உருகிப் புகைந்து, பூணின் ஓரத்தில் சிறிது பிதுங்கியது. ஆறியதும் அதைச் சுரண்டி எடுத்தார். ஊரிலிருந்து வந்த அதே பூண், அதே அலகு.

கடைசியாக எண்ணெய். ஒரு சிறு புட்டியை எடுத்து, "அகசெ எண்ணெய்" என்றார். நாம் ஆளிவிதை எண்ணெய் என்பது. தேங்காயெண்ணெய் தடவினால் ஆகாதா என்று கேட்டேன். தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் மரத்தில் எண்ணெயாகவே இருக்கும். நாளடைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மரத்துக்குள்ளேயே இறுகிக் கெட்டியாகிவிடும். ஆனால் அதற்குப் பல நாள் ஆகும். வண்ணக்காரர்கள் கடையில் வாங்கும், விரைவில் உலர்வதற்கு உலோக உப்புக்கள் சேர்த்த எண்ணெய் அடுக்களைப் பொருளுக்கு ஆகாது; கலப்பில்லாத எண்ணெயே வேண்டும்.

முதல் பூச்சை அவரே பூசினார். வெளிறிக் கிடந்த மரம், எண்ணெயைக் குடித்ததும், நாவற்பழம் போல் கறுத்து, உள்ளே ஓடிய இழைகளெல்லாம் தெரியத் தொடங்கின. கால் மணி நேரம் கழித்து, மரம் குடியாமல் மேலே நின்ற எண்ணெயைத் துணியால் முழுவதும் துடைத்தார். துடைக்காமல் விட்டால் பிசினாகிவிடும். அந்தத் துணியைக் கசக்கி எறியாமல், வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டார். "இதைச் சுருட்டி மூலையில் போட்டால், தானே சூடேறித் தீப்பற்றும். மரச்சுருள் உள்ள பட்டறையில் விளையாட்டில்லை" என்றார். இந்த எண்ணெயை வீட்டில் கையாளும் அன்பர்கள் இதனைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். துடைத்த துணியை விரித்துக் காயவைத்துவிடுங்கள். அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

"என் வேலை பாதிதான் அம்மா. மீதி உங்கள் கையில்" என்று அவர் தாயாரிடம் சொன்னார். நாளுக்கு ஒரு முறையாக ஒரு வாரம், பிறகு வாரம் ஒரு முறையாக ஒரு மாதம், அதன்பின் மாதம் ஒரு முறை, சில துளி எண்ணெய் பூசித் துடைக்க வேண்டும். இறுதியில் சிறிது தேன்மெழுகு தேய்த்துக்கொள்ளலாம். கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடலாகாது. கழுவியவுடன் துடைத்துவிட வேண்டும்.

கூலி கேட்டபோது, மிகச் சொற்பமாகச் சொன்னார். அரை நாள் வேலைக்கு அது போதாது என்று தாயார் வற்புறுத்தி, கூடுதலாகக் கொடுத்தார். தொழில் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். பெருமூச்சு விடவில்லை, உள்ளதைச் சொன்னார். பிளாஸ்டிக் பொம்மை வந்தபோதும் தொழில் போய்விடும் என்றார்களாம், போகவில்லை. வெளியூர்களிலிருந்து வாங்குவோர் இருக்கிறார்கள். ஆனால் சாலை மாறியபின் கடை வியாபாரம் குறைந்துவிட்டது. மகன் பிடதிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்குப் போகிறான். "அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அடுத்து இந்த இயந்திரத்தில் நிற்பது அந்த அம்மாதான்" என்று, தாழை ஓலையோடு நின்ற பெண்மணியைக் காட்டினார். அந்தப் பெண்மணி தலையை நிமிர்த்தாமல் சிரித்தார். அவர் விரல்களுக்கிடையே ஒரு மஞ்சள் பம்பரம் சுழன்றுகொண்டிருந்தது.

மாலை வண்டியில் திரும்பினோம். தாயார் கத்தியை மடியில் வைத்திருந்தார். இராமநகரத்துப் பாறைகள் கழிந்த பின், "அலமாரியில் வைக்கலாம் என்றுதானே ஐயா நினைத்தாய்?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இது நடந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. முதல் வாரம் முழுவதும், மாலையில் நாற்காலியைத் தெருப்பக்கம் போடாமல் அடுக்களை மேசைக்கு எதிரே போட்டுக்கொண்டு, தாயார் பிடிக்கு எண்ணெய் தடவித் துடைத்தார். வீங்கிய விரல்களால் மரத்தை மெதுவாக உருட்டி உருட்டித் தேய்ப்பதை என் மகள் பக்கத்தில் அமர்ந்து பார்த்தாள். பின்பு தானும் தேய்த்தாள். துணியைக் கொடியில் விரித்துப் போடுவது அவள் பொறுப்பாயிற்று. இரண்டாவது வாரம், கத்தி அவரைக்காயில் இறங்கியது. என் மனைவி முதலில் அருகிலேயே நின்றாள். இப்போது நிற்பதில்லை. பூசணியும் சேனையும் அவள் வெட்டுகிறாள். மற்றக் காய்கள் தாயார் பங்கு. முன்னைவிட வேகம் குறைவுதான். அரை மணி நேர வேலை முக்கால் மணி ஆகிறது. அந்த முக்கால் மணியில், ஊர்ச் செய்தி பாதியும் கொல்லர் வீட்டுச் செய்தி பாதியுமாகப் பேத்திக்குக் கதை நடக்கிறது.

பிடி இப்போது இன்னும் கறுத்திருக்கிறது. பெருவிரல் படும் இடத்தில் தனியாக ஒரு மெருகு விழத் தொடங்கியிருக்கிறது. அது உப்புத்தாளாலும் எண்ணெயாலும் வந்ததன்று.

நம் வீடுகளில் பிடி பிளந்த கத்தியோ, தளர்ந்த அரிவாள்மனையோ, ஊரிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்ட பழைய சாமானோ ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த முறை மைசூர் செல்லும்போது, விரைவுச்சாலையை விட்டு இறங்கிச் சன்னபட்டணத்துக்குள் செல்லுங்கள். குழந்தைகளுக்குப் பம்பரம் வாங்குங்கள். கையில் அரை நாள் பொழுதும் அந்தப் பழைய சாமானும் இருந்தால், கடைக்குப் பின்னாலுள்ள சந்துக்குள்ளும் சென்று பாருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பிடி அவர் கைக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டியது.